விரல் நுனியில் ஒரு சிவப்பு விளக்கு



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு மட்டுமே விடை எழுத முற்படுகிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். அக்கடிதம் கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்திலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு வீட்டின் மருமகள். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் இருபுறமும் நெருக்கி எழுதிய நான்கு பக்கங்கள்.

அவருடைய மாமனார் நாற்பது ஆண்டுக் காலம் பீடி பிடித்தவர். பனிக்காலம் வந்துவிட்டால் இருமலும் இளைப்பும் அவரை விடுவதில்லை. சென்ற மார்கழியில் இளைப்பு மிகுந்துபோகவே, நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே அவருடைய விரலில் கிளிப் போன்ற வெள்ளைக் கவ்வி ஒன்றை மாட்டி, மணிக்கட்டில் கைக்கடிகாரம் போலச் சிறு பெட்டியொன்றைக் கட்டினார்கள். சுவருக்கோ கட்டிலுக்கோ போகும் கம்பி எதுவும் இல்லை. வார்டின் கோடியில் செவிலியரின் மேசைமேல் ஒரு திரை இருந்தது. அதிலே எல்லாக் கட்டில்களின் எண்களும் ஓடிக்கொண்டிருந்தன. “இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம் அம்மா, நீங்கள் தூங்குங்கள்” என்று செவிலியர் அன்போடு சொன்னாராம். மருமகளும் இரண்டு இரவுகள் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து நிம்மதியாக உறங்கினார்.

மூன்றாம் இரவு ஏதோ ஒரு சத்தத்தில் விழித்தார். மாமனாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் இடையே இழுத்துக்கொண்டிருந்தது. கவ்வி விரலிலிருந்து கழன்று போர்வை மடிப்புக்குள் கிடந்தது. கோடியில் இருந்த திரை ‘பீப் பீப்’ என்று அலறிக்கொண்டிருந்தது. ஆனால் மேசையில் ஒருவரும் இல்லை. அன்றிரவு இரண்டு வார்டுகளுக்கும் ஒரே செவிலியர். அவர் அடுத்த வார்டில் வேறொரு நோயாளியின் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் ஓடினார், அழைத்து வந்தார், பெரியவர் பிழைத்துக்கொண்டார். இதுதான் நடந்தது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள். கம்பியில்லாத அந்தக் கருவியை நம்பலாமா? மாமனாருக்கு எப்போதும் 91, 90 என்றே காட்டியதே, 95 ஆகும்வரை பிராணவாயுவைக் கூட்டித் திறக்கச் சொல்லியிருக்க வேண்டாமா? மூன்றாவது கேள்வியின் எழுத்து சற்றே கலைந்திருந்தது: “கருவி பார்த்துக்கொள்கிறது என்று நான் உறங்கியது பாவமா?”

மூன்றாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், சகோதரி. பாவமன்று. பகலெல்லாம் நோயாளியைத் தூக்கியும் துடைத்தும் ஊட்டியும் களைத்த உடம்பு இரவில் உறங்கத்தான் செய்யும். நீங்கள் உறங்கலாம் என்பதற்காகத்தான் அந்தக் கருவியே செய்யப்பட்டது. அது ஏன் அன்றிரவு தன் கடமையை முடிக்கவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி. அதற்கு அந்தக் கவ்வி என்ன செய்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்றொரு பொருள் இருக்கிறது. இரும்புச் சத்து கலந்த இதுவே இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது. இதனைச் சின்னசேலத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் இடையே ஓடும் ஷேர் ஆட்டோவாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டுநரை விட்டுவிட்டால் அதில் நான்கு இருக்கைகள். நுரையீரல் என்னும் நிலையத்தில் பிராணவாயு ஏறி அமர்கிறது. உடலின் கோடிக்கணக்கான உயிரணுக்கள் என்னும் ஊர்களில் இறங்கிக்கொள்கிறது. இருக்கைகள் நிறைந்த வண்டிகள் ஓடும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. வெற்று வண்டிகள் மிகுந்த இரத்தம் கருஞ்சிவப்பு. உதடு நீலமாவதும் இதனால்தான். ஆனால் மனிதக் கண் அந்த நீலத்தைக் கண்டுகொள்வதற்குள் நிலைமை வெகுதூரம் போய்விடுகிறது. அதிலும் மங்கிய இரவு விளக்கில், நம்மைப் போன்ற மாநிறத்தாரின் உதட்டில்!

கவ்வியின் மேல் தாடையில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, அலைநீளம் 660 நானோமீட்டர். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, ஏறத்தாழ 940 நானோமீட்டர். இரண்டும் மாறி மாறி மிக விரைவாக மினுக்குகின்றன. கீழ்த் தாடையில் ஓர் ஒளியுணர்வி, விரலைத் தாண்டி எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. வெற்று வண்டி சிவப்பை அதிகமாக விழுங்கும். நிறைந்த வண்டி அகச்சிவப்பை அதிகமாக விழுங்கும். இவ்விரண்டின் விகிதத்திலிருந்து நூறு இருக்கைகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்று கணக்கிட்டு, 98 என்றோ 91 என்றோ எண்ணாகக் காட்டுகிறது.

கேட்பதற்கு எளிது. ஆனால் விரலில் இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், எலும்பு, நகம், தசை எல்லாமே ஒளியை விழுங்குமே! இந்த முடிச்சை அவிழ்த்தவர் தாக்குவோ அவோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர். தோக்கியோவின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திக் காதின் வழியே ஒளி பாய்ச்சி இதயத்தின் வேலையை அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அவருடைய அளவுகளை ஓயாமல் கெடுத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்க வழி தேடும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. தமனி இரத்தம் ஒன்றே துடிக்கிறது. அப்படியானால் ஒளியில் துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தமனி இரத்தத்தின் செய்தி தனியே கிடைத்துவிடுமே! தொல்லை என்று ஒதுக்க நினைத்ததே கருவியின் உயிரானது. 1974-இல் அவர் இதனை ஜப்பானிய அறிஞர் மாநாட்டில் எடுத்துரைத்தார். அப்போது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. அறுவைக் கூடங்களில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் இதன் அருமையை உணர்ந்து, 1980-களில் உலகெங்கும் பரப்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளியின் விரலில் இக்கருவி மாட்டப்பட்டு இயங்குகிறதா என்பதும் ஒரு கேள்வி.

அவோயாகி 2020 ஏப்ரல் 18-ஆம் நாள், தம் 84-ஆம் வயதில் காலமானார். அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா உலகைக் கவ்விய மாதம். தம் கருவியை உலகத்தின் ஏழை எளியவரெல்லாம் பெயர் சொல்லிக் கடையில் கேட்டு வாங்கப்போகும் காலத்தின் வாசலில் அவர் கண் மூடினார்.

அந்தக் கொள்ளைநோய் ஒரு விந்தையைக் காட்டியது. நோயாளி உட்கார்ந்து பேசுவார், கைபேசியில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வார். கவ்வியை மாட்டினால் 80-க்கும் கீழே இருக்கும். மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கையே இல்லாமல் பிராணவாயு குறைந்துகொண்டே போகும் இந்நிலையை மருத்துவர்கள் மௌனக் குறைவு என்றார்கள். நம் ஊர்களில் 2020-இலும் 2021-இலும் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டு வாசலில் நின்று விரலை நீட்டச் சொன்னது இதற்காகத்தான். 94-க்குக் கீழே போனால் மருத்துவமனை, 90-க்குக் கீழே போனால் ஆபத்து என்பதைப் படிக்காத பாட்டிமாரும் அப்போது மனப்பாடம் செய்திருந்தார்கள்.

இனி, கம்பியில்லாத பகுதிக்கு வருவோம்.

விரலில் மாட்டியதைக் கட்டில் தலைமாட்டில் உள்ள பெட்டியோடு கம்பியால் இணைப்பதே பழைய முறை. நோயாளி ஒருக்களிக்க முடியாது. கழிப்பறைக்குப் போகக் கம்பியைக் கழற்ற வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். ஆகவே இத்தகைய தொடர் கண்காணிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவோடு நின்றுவிட்டது. பொது வார்டுகளிலோ செவிலியர் நான்கு மணிக்கோ ஆறு மணிக்கோ ஒருமுறை வந்து, கவ்வியை மாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். இரவு பத்து மணிக்கு 96. காலை நான்கு மணிக்கு 95. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது? அதை அறிந்தவர் ஆண்டவர் ஒருவரே.

இந்த இடைவெளியை அடைக்கவே கம்பியில்லா முறை வந்தது. மணிக்கட்டுப் பெட்டி ஒரு குட்டி வானொலி நிலையம். புளூடூத், வைஃபை போன்ற அலைகளில் அது எண்களை அனுப்ப, வார்டில் உள்ள வாங்கி அவற்றைப் பெற்றுத் திரைக்கோ கைபேசிக்கோ தருகிறது. கொரோனாக் காலத்தில் நம் தமிழகமே இதில் ஓர் அடி எடுத்து வைத்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும், அக்கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்த ஹெலிக்ஸான் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய விரல் கருவியைப் பற்றி 2020 ஜூலையில் செய்தி வெளியானது. உடல் வெப்பம், பிராணவாயு அளவு, மூச்சின் வேகம், இதயத் துடிப்பு ஆகிய நான்கையும் அது கம்பியின்றி அனுப்பியது. ஏறத்தாழ 2,000 கருவிகள் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் அதற்குள் பயன்பாட்டுக்கு வந்திருந்தன. தொற்று நோயாளியின் அருகே செவிலியர் அடிக்கடி போகாமலே அவரைக் கவனிக்க முடிந்தது அன்று பெரும் உதவி.

கம்பியில்லா அலைகளைப் பற்றிப் பேசும்போது நம் திருச்சபைக்கு ஒரு சிறு பெருமை உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மார்க்கோனியின் பெயரை அனைவரும் அறிவர். வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவரும் அவரே, 1931 பிப்ரவரி 12-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அதனைத் தொடங்கி வைத்தார். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1900-இல், பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் ரொபர்த்தோ லாந்தெல் தெ மௌரா என்னும் கத்தோலிக்கக் குரு மனிதக் குரலையே கம்பியின்றிப் பல கிலோமீட்டர் அனுப்பிக் காட்டினார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமைகளும் பெற்றார். ஆதரிப்பார் இல்லாமல் அவர் பணி மங்கிப்போனது வேறு கதை.

மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்கச் சிற்றலை முள்ளைத் திருகித் திருகித் தேடிய தலைமுறைக்கு, அலை என்பது சில நேரம் வரும், சில நேரம் நழுவும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. மருத்துவமனை அலைக்கும் அதே குணம்தான். இடையே தடித்த சுவர் இருந்தால் மெலியும். நம் உடலில் பெரும்பகுதி நீர்; இந்த அலைகளை நீர் விழுங்கும். ஆகவே நோயாளி தம் கையின்மேலேயே புரண்டு படுத்தால் செய்தி தடைபடலாம். மின்கலம் தீர்ந்தாலும் நின்றுவிடும். அலையினால் உடலுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம். நம் கைபேசி வெளியிடும் ஆற்றலை விட இது வெகு குறைவு. அஞ்ச வேண்டியது, செய்தி நின்றுபோனதை ஒருவரும் கவனிக்காமல் இருப்பதற்கே. நைனார்பாளையத்துப் பெரியவருக்கு நேர்ந்தது அதுதான். கவ்வி கழன்றதும் கருவி தன் கடமையைச் செய்தது, அலறியது. காதுதான் அங்கே இல்லை.

இது தொடர்பாக நல்ல சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத்-ஹிட்ச்காக் மருத்துவ மையத்தில், எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கும் 36 கட்டில் கொண்ட பிரிவில், 2007 டிசம்பர் முதல் எல்லாக் கட்டில்களுக்கும் இத்தகைய தொடர் கண்காணிப்பை ஏற்படுத்தினார்கள். அதன் விளைவை 2010-இல் ஆய்வேட்டில் வெளியிட்டார்கள். திடீரென நிலைமை மோசமாகி மீட்புக் குழு ஓடிவர வேண்டிய நிகழ்ச்சிகள், வீடு திரும்பும் ஆயிரம் நோயாளிகளுக்கு 3.4 என்பதிலிருந்து 1.2 ஆகக் குறைந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவதும் ஏறக்குறையப் பாதியானது.

எப்படி? அங்கே எண் மேசைத் திரையில் மட்டும் ஓடவில்லை. அந்த நோயாளிக்குப் பொறுப்பான செவிலியரின் இடுப்பில் இருந்த சிறு அழைப்பானுக்கு அது போனது. அவர் எந்தக் கட்டிலருகே நின்றாலும் இடுப்பு அதிர்ந்தது. இன்னொன்றும் செய்தார்கள். எடுத்ததற்கெல்லாம் மணியடிக்க விடவில்லை. நோயாளி இருமினாலோ கையை ஆட்டினாலோ எண் ஒரு கணம் சரிந்து நிமிரும். அதற்கெல்லாம் மணியடித்தால், ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய மாட்டுக்காரச் சிறுவனின் கதையாகிவிடும். உண்மையான புலி வரும் நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே எல்லையை மிகவும் தாழ்த்தி வைத்து, சரிவு சில நொடிகள் நீடித்தால் மட்டுமே மணியடிக்குமாறு செய்தார்கள். மணி அரிதாக ஒலித்தது. ஒலித்தபோது ஒருவர் வந்தார்.

அங்கே கருவி, செவிலியரின் கண்ணை நீளச் செய்தது. செவிலியரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளவில்லை. கருவி வாங்கிவிட்டோம், இனி இரவுக்கு ஒருவர் போதும் என்று கணக்குப் போடும் நிர்வாகம் எதுவாயினும், அது பணத்தைக் கொட்டி ஆபத்தை வாங்குகிறது என்றே சொல்வேன். நம் துறவற சபைகள் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் இச்சொல் பொருந்தும். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகச் சுற்றி வந்த அக்காலத்துச் சகோதரிகளிடம் கருவி இல்லை. ஆனால் கால்கள் இருந்தன.

இனி அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. பெரும்பாலும் நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. கை குளிர்ந்திருந்தால் விரலில் துடிப்பு மெலிந்து, எண் பொய் சொல்லும். அடர்ந்த நகப்பூச்சும் நகத்தில் ஏறிய கருமருதாணியும் ஒளியை மறிக்கலாம். வெயில் நேராக விரலில் விழுந்தாலும் குழப்பம் வரும். தோல் நிறமும் ஒரு காரணம். அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து 2020 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றில், கருவி நல்ல எண் காட்டியும் உண்மையில் பிராணவாயு மிகக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தாரில் 11.7 விழுக்காடு எனக் கண்டார்கள். கருத்த தோல் உடைய நாமும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஓர் எண்ணைக் காட்டிலும், எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். நேற்று 97, இன்று காலை 95, மாலை 93 என்றால் இறங்குமுகம் தெளிவு.

ஷேர் ஆட்டோவை மறந்துவிடவில்லையே? கருவி இருக்கைகள் நிறைந்துள்ளனவா என்றுதான் சொல்கிறது. எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று சொல்வதில்லை. சோகை பிடித்த நம் பெண்கள் பலருக்கு வண்டிகளே குறைவு, இருக்கிற சில வண்டிகள் நிறைந்து ஓடுவதால் 98 காட்டும், உடலோ ஏங்கும். மூடிய அறையில் கரியடுப்புப் புகை மூட்டத்தில் அகப்பட்டவருக்கு வேறு விதமான ஏமாற்று: கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிராணவாயுவின் இருக்கையில் ஏறி அமர்ந்துகொள்ள, சாதாரணக் கவ்வி இரண்டுக்கும் வேறுபாடு அறியாமல் நிறைந்த வண்டி என்றே கணக்கிடும்.

மூன்றாவது ஏமாற்று நம் மாவட்டத்துக்கு அயலானதன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் கள்ளச்சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரை எவர் மறப்பார்? அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலையே முடக்குகிறது. வண்டி நிறைந்து ஊருக்கு வந்து சேர்கிறது, வீடுகளின் கதவுகளோ உள்ளே தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. அத்தகையவர் விரலில் தொடக்கத்தில் நல்ல எண்ணே தெரியலாம். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒருவர் வந்து நின்றால், எண் 98 ஆக இருக்கிறதே என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள்.

இனி, சகோதரி, உங்கள் இரண்டாம் கேள்வி. நலமானவருக்கு 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது மெய். ஆனால் பீடிப் புகையால் நெடுங்காலம் நுரையீரல் நைந்தவரின் உடல் குறைந்த அளவுக்குப் பழகிவிட்டது. அவர்களில் பலருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் பிராணவாயுவை அள்ளிக் கொடுத்தால், வெளியேற வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி, நோயாளி மயங்கவும் கூடும். உறவினர்கள் பாசத்தினால் சிலிண்டரின் திருகைச் சற்றே கூடுதலாகத் திறந்துவிடுவது வார்டுகளில் வழக்கமாக நடப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் மாமனாருக்குக் காட்டிய 91, அவருக்கு நல்ல எண்ணாகவே இருந்திருக்கலாம்.

திருகைப் பற்றிச் சொன்னதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பிராணவாயு ஓடும் கட்டிலருகே மெழுகுதிரி, சாம்பிராணி, ஊதுவத்தி எதுவும் ஏற்றலாகாது. நற்கருணை கொண்டுவரும்போதோ நோயில் பூசுதலின்போதோ பக்தியினால் திரி ஏற்ற முனைவோர் உண்டு. பிராணவாயு தான் எரிவதில்லை. ஆனால் பொறியைப் பெருந்தீயாக்கும். குருவானவரே தடுப்பார், அதற்கு முன் நீங்களே தடுத்துவிடுங்கள். பீடிக்காரப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்று தனியே சொல்லவேண்டியதில்லை.

2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் இரு நுரையீரல்களிலும் அழற்சியோடு படுத்திருந்த நாள்களை நினைவுகூருங்கள். அவருக்கு மிகுதியான வேகத்தில் பிராணவாயு செலுத்தப்படுகிறது என்ற அறிவிப்பை நாம் ஒவ்வொரு மாலையும் எதிர்நோக்கியிருந்தோம். அங்கே கருவிகளுக்குக் குறைவில்லை, காத்திருந்த கைகளுக்கும் குறைவில்லை. நம் சிற்றூர்ப் பெரியவர்களுக்கும் அந்த இரண்டாவதில் ஒரு சிறு பங்காவது கிடைக்க வேண்டாமா? மருத்துவமனையில் துணைக்கு ஒருவருமின்றிக் கிடக்கும் நோயாளிகளை மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் பழங்களோடு பகலில் சந்திக்கிறார்கள், நல்லது. மருத்துவமனை இசைந்தால், இரவு முறை வைத்து ஒருவர் போய் உட்காரலாம். கவ்வி கழன்றால் மாட்டிவிட்டு அழைக்க அந்த ஒருவர் போதும்.

அடுத்த முறை யாரையேனும் இத்தகைய வார்டில் சேர்க்க நேர்ந்தால், செவிலியரிடம் தயங்காமல் நான்கு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவருக்கு எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து? மணி எங்கே ஒலிக்கும்? இரவில் அதைக் கேட்பவர் யார்? அவரை நான் எப்படி அழைப்பது? நல்ல செவிலியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். உறங்கும்போது நோயாளியின் கவ்வி மாட்டிய கையை உங்கள் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கவ்வியைச் சில மணிக்கொருமுறை வேறு விரலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே விரலில் நெடுநேரம் இருந்தால் தோல் புண்ணாகும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் வேளையில் நைனார்பாளையத்திலிருந்து ஓர் அஞ்சலட்டையும் வந்தது. பெரியவர் வீட்டில் நலம். பீடியை விட்டுவிட்டார் என்று சொல்கிறார்கள். மருமகள் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார். கடையில் சிறு கவ்வி ஒன்று வாங்கி, காலையும் மாலையும் எண்ணைப் பார்த்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பேரன் ஒரு நோட்டில் எழுதி வருகிறானாம். 91, 90, 91, 92. ஒருநாள் 74 என்று எழுதிப் பதறிப்போய், பிறகு அதை அடித்துவிட்டு அருகிலே குறித்திருக்கிறான்: “தாத்தா பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்தார். தேய்த்துச் சூடாக்கிய பின் 91.”